பொக்ஸ் வாசலில் ஒரு சோடிச் செருப்பு

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகள் என்னைக் கண்டால் கேட்பது ஒரே கேள்விதான். "அண்ணை, கதவைத் திறந்து காட்டுற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்ளை உள்ளை என்ன இருக்கெண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?" கேட்டுவிட்டு, நான் ஏதோ மந்திரம் சொல்லப்போகிறேன் என்பதுபோல் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மந்திரம் தெரிந்திருந்தால், முதல் வருடத்திலேயே ஒரு பொக்ஸ் நிறைய நனைந்த மெத்தைகளை வாங்கிக்கொண்டு வந்து மனைவியிடம் ஏச்சு வாங்கியிருப்பேனா?

தொழிலுக்கு வெளியே இருந்து இதைப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பரிஸ் நகரைச் சுற்றிப் பெரிய பெரிய களஞ்சியக் கட்டடங்கள் இருக்கின்றன. அவற்றைத் தகரத்தால் தடுத்துச் சிறு அறைகளாக்கி வாடகைக்கு விடுவார்கள். அந்த அறையைத்தான் பொக்ஸ் என்கிறோம். வீடு மாறுகிறவர்கள், கடையை மூடியவர்கள், மணமுறிவு ஆனவர்கள் எல்லோரும் சாமானைக் கொண்டுவந்து அடுக்கிவிட்டு, பூட்டைப் போட்டுக்கொண்டு போவார்கள். மாத வாடகை நெடுங்காலம் வராமல், எழுதிய கடிதங்களுக்கும் பதில் இல்லாமல் போனால், சாமானை ஏலத்தில் விடுவார்கள். ஏலத்தன்று கதவைத் திறப்பார்கள். வாசலில் நின்று பார்க்கலாம். உள்ளே கால் வைக்கக்கூடாது, ஒன்றையும் தொடக்கூடாது. விலையைச் சொல்லி வாங்கிவிட்டால், குறித்த நாளுக்குள் எல்லாவற்றையும் ஏற்றி, கூட்டித் துடைத்துவிட்டுக் கொடுக்க வேண்டும்.

அந்த மெத்தைக் கதைக்கு வருகிறேன். வாசலில் இரண்டு சலவை இயந்திரங்கள் பளபளவென்று நின்றன. எனக்குப் பக்கத்தில் நின்று ஏலம் கேட்ட கிழட்டு வியாபாரி ஒருவர், அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது, என் முகத்தைப் பார்த்து மெல்லச் சிரித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அவர் ஏன் ஒதுங்கினார் என்று யோசிக்க எனக்கு அப்போது புத்தி இல்லை. அவர் தோற்றுவிட்டார், நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். இயந்திரங்களை நகர்த்திப் பார்த்தால் பின்னால் முழுக்கப் பூஞ்சணம் பிடித்த மெத்தைகள். அவற்றைக் குப்பைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவே எனக்கு இடுப்பு ஒடிந்தது.

அடுத்த ஏலத்தில் அதே மனிதர் என்னிடம் வந்து சொன்னார்: "வாசலில் இருப்பது அவன் கடைசியாக வைத்தது. பின்சுவரோடு இருப்பதுதான் முதலில் வைத்தது. ஒரு பொக்ஸைப் பார்க்கும்போது ஒரு மனிதனின் காலத்தைப் பின்னாலிருந்து முன்னுக்குப் பார்." அன்றுமுதல் அப்படித்தான் பார்த்தேன். பின்னால் சோபாவும் சாப்பாட்டு மேசையும் நிற்கும். நடுவில் குழந்தையின் தொட்டில் நிற்கும். முன்னால் வரவர எல்லாம் கறுப்புப் பைகளாகிவிடும். ஒழுங்காக அடுக்கத் தொடங்கியவன், கடைசியில் எறிந்துவிட்டுப் போயிருப்பான். அதைப் பார்த்து விலை சொன்னால் பெரும்பாலும் கணக்குத் தவறாது.

ஆனால் நான் இன்றைக்குச் சொல்லவந்தது பொக்ஸுக்கு உள்ளே பார்ப்பதைப் பற்றியல்ல. பொக்ஸுக்கு வெளியே பார்ப்பதைப் பற்றி. இதை எந்த வியாபாரியும் எனக்குச் சொல்லித் தரவில்லை. என் மனைவிதான் சொல்லித் தந்தாள், அதுவும் தெருவில் நின்று கத்தி.

ஊரில் போர் முடிந்து இரண்டொரு வருடம் ஆகியிருந்த காலம். வன்னியிலிருந்து தப்பி வந்த பிள்ளைகள், பரிஸில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பல் முழுக்க நின்றார்கள். அங்கே ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் எங்களுக்கு ஒரு சிறிய பழைய சாமான் கடை இருந்தது. இரும்புக் கட்டில், குளிர்ப்பெட்டி, குளிர்காலத்துக் கோட்டு என்று அவர்களுக்கு வேண்டியது எல்லாம் எங்களிடம்தான் இருந்தது. ரூ லூயி-பிளாங் சாப்பாட்டுக் கடைக்காரர்கள் பெரிய சட்டி பானைகளுக்கு வருவார்கள். நான் ஏலத்தில் எடுத்து வருவேன், மனைவி விற்பாள். யார் முதலாளி என்று கேட்டால் வாடிக்கையாளர்கள் அவளைத்தான் காட்டுவார்கள்.

அந்த முறை பக்கத்து நகரான சென் தெனியில் ஒரு களஞ்சியத்தின் இரண்டாம் மாடியில், மூடிப்போன ஒரு உணவகத்தின் சாமான் ஏலத்தில் எனக்கு விழுந்திருந்தது. சோறு அவிக்கிற பெரிய பாத்திரங்கள், வெட்டுகிற மேசை, அடுக்கடுக்காகப் பீங்கான் கோப்பைகள். சனிக்கிழமை மதியத்துக்குள் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். திங்கட்கிழமையும் விடுமுறை என்பதால், சனி மதியம் பூட்டினால் இனிச் செவ்வாய்தான் திறப்பார்கள். வாசற்கதவில் அதைப் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார்கள்.

அங்கே பொறுப்பாளராக இருந்தவர் மார்ட்டினிக் தீவுக்காரர். ஆள் ஆறடிக்கு மேல். சட்டம் என்றால் சட்டம்தான். சாமான் ஏற்றும் இடத்தில் கமியோனை, அதுதான் எங்கள் லொறியை, கொஞ்சம் கோணலாக விட்டாலும் இறங்கிவந்து நேராக்கச் சொல்வார். எங்களுக்குள் அவரைத் "தலைமை வாத்தியார்" என்றுதான் சொல்லிக்கொள்வோம்.

அன்றைக்கு விடியற்காலையிலிருந்து மழை. நான் கடைசிச் சுமையைத் தள்ளுவண்டியில் ஏற்றி, மின்தூக்கிக் கதவைக் காலால் பிடித்துக்கொண்டு வண்டியை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தேன். தலைமை வாத்தியார் ஒரு கை நிறையப் பூட்டுகளோடு நடைபாதையில் வந்தார். வாடகை நிலுவையில் உள்ள பொக்ஸ்களுக்குக் கொம்பனிப் பூட்டைப் போட்டு மறிப்பது அவருடைய வேலைகளில் ஒன்று. நான் காலி செய்த பொக்ஸுக்கு அடுத்த கதவில் பூட்டு இல்லை. கதவை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. தாழ்ப்பாளை இழுத்துவிட்டுப் பூட்டைப் போட்டார். பிறகு குனிந்து எதையோ எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"என்னுடைய நடைபாதையில் குப்பை போடாதீர்கள்" என்று சொல்லி, அதை என் வண்டியின் மேல் எறிந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கோப்பைகள் சரிந்துவிடும் என்ற பயம் எனக்கு. "மன்னிக்கவும்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன்.

கடை வாசலில் கமியோனை நிறுத்தி இறக்கத் தொடங்கினோம். மனைவி கோப்பைகளை வாங்கி வாங்கி உள்ளே வைத்தாள். திடீரென்று நின்றாள்.

"இஞ்சேருங்கோ, உது ஆற்றை செருப்பு?"

நீல நிற இறப்பர் செருப்பு ஒரு சோடி. எங்கள் ஊர்ச் சந்தையில் விற்கிற மாதிரியே பெருவிரலுக்கு வார் வைத்தது.

"அந்தப் பொக்ஸிலை கிடந்ததாக்கும். எறியும்" என்றேன்.

"ஈரமாக் கிடக்கு."

"வெளியிலை மழையெல்லோ."

"பொக்ஸுக்குள்ளையும் மழை பெய்யுமோ? மற்றச் சாமான் எல்லாம் காய்ஞ்சு கிடக்கு. இதிலை மண்ணும் இருக்கு."

எனக்கு எரிச்சல் வந்தது. "உமக்கு ஒரு பழஞ்செருப்பைப் பற்றி இப்ப என்ன ஆராய்ச்சி? அந்தப் பொறுப்பாளன் நடைபாதையிலை கிடந்ததைப் பொறுக்கி எறிஞ்சவன்."

"நடைபாதையிலை எங்கை?"

"பக்கத்துப் பொக்ஸ் வாசலிலை."

"சோடியா, வாசலிலையோ?" அவள் கையிலிருந்த கோப்பையை நிலத்தில் வைத்தாள். "அந்தப் பொக்ஸ் திறந்து கிடந்ததோ?"

"இல்லை. அவன் பூட்டினவன். நான் பார்த்துக்கொண்டுதான் நிண்டனான்."

"ஐயோ, உங்களுக்கு மூளை எங்கை போட்டுது? செருப்பு வெளியிலை கிடந்தால் ஆள் உள்ளை எல்லோ!"

தெருவில் போனவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சொன்ன பிறகு அதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஒரு பிரெஞ்சுக்காரனோ மார்ட்டினிக்காரனோ நடைபாதையில் பழஞ்செருப்பைக் கண்டால் அது குப்பை. எங்களுக்கு அது ஆள் இருப்பதற்கு அடையாளம். அந்த நாட்களில் இருக்க இடமில்லாத பிள்ளைகள் சிலர், எவனோ எடுத்த பொக்ஸுக்குள் களவாகப் படுக்கிறார்கள் என்று கடைத்தெருவில் ஒரு கதை அடிபட்டது உண்டு. எங்கள் ஆள் ஒருவன் உலகத்துக்குத் தெரியாமல் ஒளிந்து படுப்பதென்றாலும், செருப்பை வாசலில் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டுத்தான் உள்ளே போய் ஒளிவான். அவ்வளவு வளர்ப்பு!

வாடகை நிலுவை, அதனால் பூட்டு. பூட்டியாயிற்று. இன்னும் சிறிது நேரத்தில் கட்டடத்தையும் மூடிவிடுவார்கள். உள்ளே தண்ணீர் இல்லை, கழிவறை இல்லை. செவ்வாய்க்கிழமை வரை யாரும் அந்த நடைபாதையால் வரப்போவதில்லை. அந்தக் காலத்தில் அங்கே உணர்கருவி, கமரா ஒன்றும் மேல்மாடியில் கிடையாது.

"போன் அடியுங்கோ" என்றாள்.

அடிக்கக் கை போனது, நின்றுவிட்டது. போனில் சொன்னால் தலைமை வாத்தியார் முதலில் செய்யப்போவது பொலிசை அழைப்பது. உள்ளே இருப்பவனுக்குப் பப்பியே, அதுதான் இந்த நாட்டில் இருப்பதற்கான பத்திரம், இருக்குமா? இருந்தால் ஏன் தகரப்பெட்டிக்குள் படுக்கிறான்? பூட்டைத் திறக்கப்போய் அவனை நானே பிடித்துக்கொடுத்ததாக முடியும்.

"பொலிசுக்குச் சொல்லிப்போடுவான்" என்றேன்.

"பொலிஸ் வந்தாலும் ஆள் உயிரோடை இருக்கும்" என்றாள் அவள்.

தம்பிமாரே, நெருக்கடி என்று வந்தால் எல்லாப் பக்கத்தையும் யோசிக்கிறவன் கெட்டிக்காரன் என்று நினைக்காதீர்கள். எந்தப் பக்கம் போனால் திரும்பி வரமுடியாதோ, அதை முதலில் மறிக்க வேண்டும். பப்பியே பிரச்சினைக்கு வழக்கறிஞர் இருக்கிறார். தாகத்துக்கு யார் இருக்கிறார்கள்? இன்றைக்கு இவ்வளவு தெளிவாக எழுதுகிறேன். அன்றைக்கு எனக்கு இது ஒன்றும் தோன்றவில்லை, அவள் சொன்னதைத்தான் செய்தேன்.

போனை எடுத்தேன். "மிஸ்யூ, பூட்டிவிடாதீர்கள், முக்கியமான ஒன்றை விட்டுவிட்டு வந்துவிட்டேன்."

"உங்கள் பொக்ஸில் ஒன்றும் இல்லை. நானே பார்த்தேன்."

"என்னுடைய பொக்ஸில் இல்லை."

"அப்படியென்றால் எங்கே?"

"வருகிறேன். தயவுசெய்து நில்லுங்கள்" என்று சொல்லிவிட்டுத் துண்டித்தேன். பாதிச் சாமான் இறக்கியபடி கிடக்க, கமியோனைத் திருப்பினேன். பின்னால் மனைவி செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, ஜன்னலுக்குள்ளால் இருக்கையில் போட்டாள்.

போர்த் து லா சப்பலில் வாகனங்கள் அசையவில்லை. மழைக்கும் விடுமுறைக்கும் சேர்த்து ஊரே வெளியே கிளம்பியிருந்தது. எனக்குத் தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டேன். எனக்குத் தெரியாத ஒரு சாரதியைத் தமிழில் திட்டினேன். அவருக்கு விளங்கவில்லை, கையைக் காட்டிவிட்டுப் போனார்.

நான் போய்ச் சேர்ந்தபோது வெளிக்கதவு பாதி இறங்கியிருந்தது. தலைமை வாத்தியார் குடையோடு நின்றார். "நான் பிள்ளைகளை ரயிலேற்றி அனுப்ப வேண்டும். ஐந்து நிமிடம்தான்" என்றார். நான் மேலே ஓடினேன்.

முதலில் நானே அவனோடு பேசிப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். ஆள் இருக்கிறானா என்று தெரிந்துகொண்டால் பிறகு அடுத்ததை யோசிக்கலாம். அந்தக் கதவில் தட்டினேன்.

"தம்பி! உள்ளை ஆரும் இருக்கிறியளோ?"

பதில் இல்லை.

"நான் தமிழ்தான். லா சப்பலிலை கடை வைச்சிருக்கிறன். உம்மடை செருப்பு என்னட்டை வந்திட்டுது. பயப்பிடாதையும். ஒரு குரல் குடும்."

ஒரு அசுகை இல்லை. காதைத் தகரத்தோடு வைத்துக் கேட்டேன். கீழே மழைநீர் குழாயால் ஓடும் சத்தம்தான் கேட்டது.

அந்த இடத்தில்தான் நான் தடுமாறினேன். ஒருவேளை ஆள் இல்லையோ? பொக்ஸுக்குள் சப்பாத்து வைத்திருந்து, அதை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருப்பானோ? அப்படியானால் நான் போய்த் தலைமை வாத்தியாரிடம் சொல்ல, அவர் திறந்து பார்க்க, படுக்கை கிடக்க, நான் ஒரு பிள்ளையின் ஒளிவிடத்தைக் காட்டிக்கொடுத்தவன் ஆவேன். ஆள் இல்லையென்று நினைத்துத் திரும்பிப் போனால், இருந்துவிட்டால்? கீழேயிருந்து "மிஸ்யூ!" என்று அவர் கூப்பிட்டார். காட்டிக்கொடுத்தவன் ஆனாலும் பரவாயில்லை என்று இறங்கினேன்.

"மிஸ்யூ, நீங்கள் பூட்டிய பொக்ஸுக்குள் ஒரு ஆள் இருக்கிறார் என்று நினைக்கிறேன்."

அவர் சிரித்தார். "சத்தம் கேட்டதா?"

"இல்லை. கூப்பிட்டேன், பதில் இல்லை."

"பிறகு எப்படித் தெரியும்?"

நான் செருப்பைக் காட்டினேன். "வாசலில் கிடந்ததை நீங்கள்தான் எடுத்துத் தந்தீர்கள். ஈரம் இன்னும் காயவில்லை. நாங்கள் செருப்போடு வீட்டுக்குள் போவதில்லை."

"அது வீடு இல்லையே" என்றார்.

"அவருக்கு அது வீடு."

அவ்வளவு பெரிய மனிதரின் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். அவர் பொலிசைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. "பூட்டியது நான்" என்றார். மின்தூக்கிக்கும் நிற்கவில்லை, படிகளில் பாய்ந்து ஏறினார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். திறப்புக் கொத்தில் எது எதற்கென்று அவருக்குத் தெரியாமல் போய்விட்டது. ஒன்றைப் போட்டார், திரும்பவில்லை. இன்னொன்றைப் போட்டார், அதுவும் இல்லை. நான் பூட்டை அசையாமல் பிடித்துக்கொண்டேன். மூன்றாவதோ நான்காவதோ திறந்தது. உள்பக்கம் கம்பியால் கட்டியிருந்தது. இருவரும் சேர்ந்து இழுத்தோம்.

இருபத்தைந்து வயதுதான் இருக்கும். பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான். வெறுங்கால். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கியிருந்தான்.

நிலத்தில் ஒரு மெல்லிய மெத்தை, மடித்து வைத்த உடுப்பு, சுவரில் ஒரு முருகன் படம். பக்கத்தில் அரைப் போத்தல் தண்ணீரும் ஒரு விசுக்கோத்துப் பக்கெட்டும். அவ்வளவுதான் அந்த வீடு.

தலைமை வாத்தியார் அந்தக் கைகளைப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னுக்கு வந்தார். "வேண்டாம் தம்பி, வேண்டாம், கையை இறக்கு" என்று பிரெஞ்சில் திரும்பத் திரும்பச் சொன்னார். பையனுக்கு அது விளங்கவில்லை. நான்தான் போய் ஒவ்வொரு கையாகப் பிடித்து இறக்கினேன். குளிர்ந்துபோயிருந்தன. அப்போது என் வாயிலிருந்து வந்தது ஆறுதல் வார்த்தை இல்லை, ஏச்சு.

"அட மடையா, கூப்பிடக் கூப்பிட வாயைத் திறக்காமல் நிக்கிறாய்! நீ செத்துப்போனாயெண்டு நினைச்சன்!"

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை" என்றான் அவன். அதைக் கேட்டதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஏன் சிரிக்கிறேன் என்று தெரியாமல் சிரித்தேன். தலைமை வாத்தியார் நடைபாதையில் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். "செவ்வாய்க்கிழமை நான் வந்து..." என்று தொடங்கினார். முடிக்கவில்லை. தன் பையிலிருந்த பாண் துண்டை எடுத்து நீட்டி, "இதில் பன்றி இறைச்சி இருக்கிறது, இவர் சாப்பிடுவாரா என்று கேளுங்கள்" என்றார். அவன் இரண்டு கடியில் அதை முடித்துவிட்டான்.

பிறகு எழுந்து, பழையபடி சட்டக்காரர் ஆனார். "இந்தக் கட்டடத்தில் யாரும் படுப்பதில்லை. படுக்கவும் முடியாது. இன்றைக்கு நான் ஒருவரையும் காணவில்லை. உங்கள் சாமானில் கொஞ்சம் மிஞ்சிக் கிடந்தது, அதை எடுக்கத் திரும்பி வந்தீர்கள். சரியா?" சொல்லிவிட்டு, அந்த மெத்தையைத் தானே சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினார். பிள்ளைகளை ரயிலேற்ற அவருக்கு நேரம் தப்பியிருக்கும். அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. ஒரு மனிதரை வருடக்கணக்கில் தெரியும் என்று நான் நினைத்திருந்தேன். எனக்குத் தெரிந்தது அவருடைய பூட்டுகளை மட்டும்தான்.

கமியோனில் வரும்போது பையன் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினான். முல்லைத்தீவுப் பக்கம். விடியற்காலையில் அலுவலகங்கள் துடைக்கும் வேலை, பகலில் தூக்கம். பொக்ஸை எடுத்தவன் வேறு ஒருவன். இவன் மாதாமாதம் கொடுத்ததை அவன் கட்டாமல் விட்டிருக்கிறான்.

"பூட்டேக்கை நித்திரையோ?" என்று கேட்டேன்.

"இல்லை அண்ணை. கேட்டது."

நான் பிரேக்கில் காலை வைத்துவிட்டேன். பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான்.

"கேட்டதோ? பிறகு ஏன் கத்தேல்லை?"

அவன் மடியில் இருந்த முருகன் படத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "கதவுக்கு அங்காலை ஆர் நிக்கினமெண்டு தெரியாதெல்லோ. ஊரிலை சண்டை நேரம் பங்கருக்குள்ளை இருக்கேக்கையும் அப்பிடித்தான். பிடிக்க வாறவையும் தமிழிலைதான் கூப்பிடுவினம். சத்தம் போட்டவை செத்துப்போட்டினம். நாங்கள் சத்தம் போடேல்லை, இருக்கிறம். செவ்வாய்க்கிழமை மட்டும் தண்ணியைப் பிரிச்சுக் குடிக்கலாமெண்டு நினைச்சன்."

நான் கமியோனை மறுபடி நகர்த்தினேன். கடை வாசலில் மனைவி குடையில்லாமல் நின்றாள். கமியோனின் முன்கண்ணாடியில் இரண்டு தலைகளைக் கண்டதும் அவள் அழத் தொடங்கினாள். இறங்கியவனைப் பார்த்து, "முதல்லை உள்ளை வந்து சாப்பிடும், மிச்சக் கதை பிறகு" என்றாள். கடைக்குப் பின்னால் இருந்த அறையில் கட்டிலைப் போட்டுக் கொடுத்தோம். சில கிழமைகளில் ரூ லூயி-பிளாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலையும், வேலைக்காரப் பிள்ளைகளோடு ஒரு அறையும் கிடைத்தது. வழக்கு நெடுக இழுபட்டு, கடைசியில் பப்பியேயும் வந்தது. இப்போது அவனுக்கு இரண்டு பிள்ளைகள். அவை என்னோடு பிரெஞ்சில்தான் கதைக்கும். வீட்டுக்குப் போனால் அந்தப் பிள்ளைகள் போடுகிற சத்தத்தில் என் காது அடைத்துவிடும். அவன் ஒருநாளும் அவர்களைச் சத்தம் போடாதே என்று சொன்னதை நான் கேட்கவில்லை.

நான் ஓய்வு பெறும்வரை ஒரு பழக்கத்தை விடவில்லை. ஏலத்தில் எடுத்த பொக்ஸ், எனக்கே சொந்தமான சாமான், நான் என் கண்ணால் பார்த்து வாங்கியது, ஆனாலும் திறக்குமுன் கதவில் தட்டுவேன். காலி செய்து கொடுக்குமுன் இரண்டு பக்கத்துக் கதவுகளிலும் தட்டுவேன். தமிழில் கூப்பிடுவேன், பிரெஞ்சில் கூப்பிடுவேன். கூட நிற்கிற வியாபாரிகள் கண்ணைச் சிமிட்டிக்கொள்வார்கள், "கிழவனுக்குக் கழன்றுவிட்டது" என்று. தலைமை வாத்தியார் மட்டும் சிரிக்கமாட்டார். அவரும் பூட்டுக் கொத்தோடு வரும்போது ஒவ்வொரு கதவாகத் திறந்து, உள்ளே ஒருமுறை தலையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் பூட்டுவார்.

நீங்களும் தட்டுங்கள். உள்ளே இருப்பதைப் பார்க்கும் வித்தை வருவதற்கு உங்களுக்கு வருடக்கணக்கில் எடுக்கலாம், தட்டுவதற்கு ஒரு நிமிடம் போதும். தட்டிவிட்டு உடனே திரும்பிவிடாதீர்கள், அதுதான் நான் உங்களுக்குச் சொல்லக்கூடிய ஒரே தொழில் இரகசியம். பதில் வரவில்லை என்றால் ஆள் இல்லை என்று அர்த்தமில்லை. கதவைத் திறந்து பாருங்கள். எத்தனையோ கதவுகளை நான் அப்படித் திறந்தேன். உள்ளே பழைய கதிரைகளும் கறுப்புப் பைகளும் தூசியும் மட்டும்தான் இருந்தன. ஒவ்வொரு முறையும், வெறும் சாமான்தான் என்று கண்டதும், "அப்பாடா" என்று மூச்சு விட்டுவிட்டுத்தான் நான் வேலையைத் தொடங்கியிருக்கிறேன்.